தொட்டுப் பார்க்கச் சொன்ன மிஸ்

மிஸ்ஸின் மேல் எனக்கு ஆறு மாதம் கோபம் இருந்தது. சும்மா கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதுளை பஸ்ஸில் கால் வைக்கும்போதே சுருசுருவென்று ஏறுகிற கோபம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்தேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று என் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதினாலு பேர் முன்னால், "அண்ணே, இத நீங்க தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அதற்கும் ஒரு ஃபோன் வரும்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு இரும்புக் கடை. அதற்கு மேல்மாடியில்தான் எங்கள் வகுப்பு. அறிக்கை எழுதுவது, ஒரு இயந்திரத்தை எப்படி ஓட்ட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று வழிமுறை எழுதுவது, இதையெல்லாம் ஏஐயை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் அறைக்கு மேற்பார்வையாளர். உதவி டீமேக்கர் ஆக வேண்டுமென்றால் இப்போது இந்த மாதிரி ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். இருபது வருடம் கொழுந்தோடு கிடந்தவனிடம் போய்த் தாள் கேட்கிறார்கள், என்ன செய்வது. சான்றிதழில் மிஸ்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ போட மாட்டேன் என்று நின்றார்.

இதற்கு நடுவில் என் அக்கா மகள் கமலாவை ரோலர் அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தேன். என் பேச்சை நம்பித்தான் அக்கா அனுப்பினாள். புதிதாக வருகிறவர்கள் ரோலரை எப்படிக் கழுவ வேண்டும் என்பதுதான் நான் வகுப்புக்கு எழுத வேண்டிய வழிமுறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். புத்தி அப்படிப் போனது.

முதல் நாளே மிஸ் எங்களை உட்கார விடவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பதுளை ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு எப்படி வருவது என்று ஏஐ எழுதிக் கொடுத்த வழி. பத்து வரி. "வாசிச்சுப் பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு? ஒரு பிழை இல்ல. எங்க ஸ்கூல் சேர்கூட இப்படி எழுத மாட்டாரு" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினோம். "சரி, இப்ப ஸ்டேஷனுக்குப் போயி, இதுல உள்ளபடியே நடந்து வாங்க."

தூறல் வேறு. பதினாலு பேரும் நனைந்துகொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், தாளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்தோம். இல்லாத பாலத்தைக் கடக்கச் சொன்னது. இருக்கிற சந்தியை விட்டுவிட்டது. நானும் இன்னும் ஐந்து பேரும் மரக்கறிச் சந்தையில் போய் நின்றோம். ஒரு முட்டைக்கோஸ் வியாபாரி எங்கள் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு மானமே போனது. மிஸ் குடை பிடிக்காமல் எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பஜாரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்த றிஸ்வான் மட்டும் நேராக வகுப்புக்கு வந்து சேர்ந்து, காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கு வழி தெரியுமே மிஸ். பேப்பர் என்னத்துக்கு?" என்றான்.

"அப்ப நீங்கதான் பெயில்" என்றார் மிஸ். "தெரிஞ்சவங்களுக்கா நாம எழுதுறோம்?"

றிஸ்வான் என் பக்கம் திரும்பி, அண்ணன் என்கிற முறையில், "காக்கா, இவங்களுக்கு என்னமோ ஈக்கி" என்றான். இவருக்கு என்னமோ இருக்கிறது என்று எனக்கும் பட்டது.

மிஸ்ஸுக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. கரும்பலகையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வாசல், வாசலிலிருந்து யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது சப்பையாகியிருக்கும். பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து வருகிற பிளேன்டீயை ஒருநாளும் அவர் சூட்டோடு குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு, யாரோ எழுதிய மூன்றாவது வரி ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவார். ஃபோனில் பேசினால் 'சரி', 'வைக்கிறேன்' எல்லாம் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்டதும் பட்டென்று வெட்டிவிடுவார். கிழமை நாட்களில் பெக்டரிக்கே எடுப்பார். "அண்ணே, ஏழாவது வரியில 'சிறிது நேரம் காத்திருக்கவும்'னு இருக்கே, எவ்வளவு நேரம்?" நான் வாயைத் திறப்பதற்குள், "பாத்துட்டு எடுங்க." டக். கொழுந்து வந்து குவிந்து கிடக்கும், நான் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருப்பேன். ஆனால் எடுத்துச் சொல்லியும் தொலைப்பேன், அதுதான் எரிச்சல்.

ஒருமுறை வகுப்பு முடிந்து ஒரே பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் ஒன்றில் 'அவசர வழி' என்று சிவப்பில் ஒட்டியிருந்தது. மிஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்த ஜன்னலை இரண்டு கையாலும் தள்ள ஆரம்பித்துவிட்டார். பஸ் வளைவில் போகிறது. கண்டக்டர் ஓடி வந்தான். "என்ன மிஸ், குதிக்கப் போறீங்களா?"

"இது தொறக்குதில்லையே."

"அது எப்பவுமே தொறக்காது."

"அப்ப ஏன் ஒட்டியிருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்தது. நான் தெரியாதவன் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என் பக்கத்தில் வந்து விழுந்து, "ஒட்டினவன் ஒருக்கா தொட்டுப் பாக்கல அண்ணே" என்றார். முகம் வெளிறியிருந்தது. இறங்கும் வரை அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நல்லவர், வல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண், இரத்தக் குழாய்களை எப்படி அடுக்குவது என்று எழுதிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வரிக்கும் 'தொட்டுப் பாத்தீங்களா' என்று கேட்டு அவளை அழவைத்துவிட்டார். அடுத்த வாரம் அவள் வரவில்லை. மிஸ் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அவருக்குச் சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கிறது, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கை போயிருக்கிறது என்று வகுப்பில் கதை கட்டினார்கள். எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தெரியாததை எழுதினால் அவரிடம் படித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஏஐ வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஏஐ இல்லாமல் எழுதிக் கொண்டுவந்தால் ஏன் என்று கேட்பார். ஆனால் அவர் முறை வேறு. "அத எழுதச் சொல்லாதீங்க. கேள்வி கேக்கச் சொல்லுங்க. இன்னைக்கித்தான் வேலைக்கு வந்த ஆள் மாதிரி ஒங்கள கேக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் பதில் குடுத்த பொறகு எழுதட்டும்." எழுதி முடித்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதை நாமே தொட்டுப் பார்த்தோமா, யாரும் சொல்லிக் கேட்டோமா, ஏஐ தானாகப் போட்டதா என்று பேனாவால் குறிக்க வேண்டும். பிழை கண்டுபிடித்தால் ஏஐ உடனே மன்னிப்புக் கேட்கும், எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மிஸ் சிரிக்க மாட்டார். "இது மன்னிப்புக் கேக்குது. ஒங்க ரோலர் கேக்குமா?" என்பார்.

என் ரோலர் வழிமுறைக்கு ஏஐ நாற்பது கேள்வி கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பெண்டாட்டிகூட என்னை அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. இருபதுக்கு மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது. 'ஒவ்வொரு ரோலருக்கும் தனி மெயின் சுவிட்ச் இருக்கிறதா? அதில் இலக்கம் எழுதியிருக்கிறதா?' 'ஆமா' என்று தட்டினேன். உண்மைதானே, இருக்கிறது, எழுதியும் இருக்கிறது. அப்படியே ஆமா, ஆமா, ஆமா என்று தட்டி முடித்தேன். வந்த தாளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான தமிழ். எங்கள் தோட்டத்துத் துரையின் ஆபீசிலிருந்துகூட அப்படி ஒரு அறிவித்தல் வந்ததில்லை. சுவிட்ச் வரிக்குப் பக்கத்தில் 'தொட்டேன்' என்று குறித்தேன். இருபது வருடமாகத் தொடுகிற சுவிட்ச், அதைப் போய்ப் புதிதாக ஒருமுறை தொட வேண்டுமா?

மிஸ் மூன்று தடவை திருப்பித் தந்தார். "ஏதோ ஒண்ணு இடிக்குது அண்ணே. என்னன்னு தெரியல. எல்லாம் ரொம்ப வழுக்கிக்கிட்டுப் போகுது." இதெல்லாம் ஒரு காரணமா? நான் வீம்புக்குத் தாளை டீமேக்கரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெக்டரிக்குப் பெரியவர் அவர்தான். பிரமாதம் என்றார். பெரிசாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ரோலர் அறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். சான்றிதழ் மட்டும் வரட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

ஒட்டி மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு வகுப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நீங்க ஏத்துக்கலன்னாலும் எங்க பெக்டரியில ஒட்டிட்டாங்க மிஸ்."

மிஸ் நின்றுவிட்டார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். "எப்ப ஒட்டினாங்க?"

"மூணு வாரமாச்சு."

"அத பாத்து வேல செய்றாங்களா?"

"புதுசா வந்த புள்ள செய்யுது. எங்க அக்கா மகதான். பத்தரமா இருக்கும்னு அக்காகிட்ட சொல்லி நான்தான் சேத்துவிட்டேன்."

மிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். வகுப்பு பாதியில் நின்றது. மறுநாள் பின்னேரம் பெக்டரி வாசலில் நிற்கிறார். சேலையில் முழங்கால்வரை சேறு. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று மைல் நடந்தே வந்திருக்கிறார்.

ரோலர்களைக் கழுவுகிற நேரம் அது. நாலும் நின்றிருந்தன. மிஸ் சுவரில் இருந்த தாளுக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து வாசித்துச் செய்தார். கமலா வாளியோடு பக்கத்தில் நின்றாள். புதிய ஆட்கள் கழுவுகிற மூன்றாம் ரோலரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சுவிட்ச் பலகைக்குப் போனார். "மூன்றாம் இலக்க மெயின் சுவிட்சைக் கீழே இறக்கவும்." இறக்கினார். "'கழுவப்படுகிறது' என்ற அட்டையைத் தொங்கவிடவும்." தொங்கவிட்டார். "இப்போது சுத்தம் செய்வது பாதுகாப்பானது." தூரிகையை வாங்கிக்கொண்டு, மேசைக்கும் அதற்கு மேல் சுழலுகிற தொட்டிக்கும் நடுவில் முழங்கை வரை கையை விட்டார்.

"மிஸ்! வேணாம்! கைய எடுங்க!" என்று கத்தினேன். எனக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. உடம்புதான் கத்தியது.

அவர் கையை எடுத்தார். "ஏன்?"

"அது மூணு இல்ல மிஸ். நாலு. நாலத்தான் எறக்கணும்."

விஷயம் இதுதான். முன்பு எங்களிடம் ஐந்து ரோலர் இருந்தது. முதலாவதைக் கழற்றி விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த நாலுக்கும் ஒன்றிலிருந்து புதிதாக இலக்கம் அடித்தார்கள். சுவிட்ச் பலகையை யாரும் தொடவில்லை. ஆகவே ரோலர் இலக்கத்தோடு ஒன்று கூட்டினால்தான் சுவிட்ச். பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். தாளை வாசித்தபோதுகூட எனக்குத் தப்புத் தெரியவில்லை. கண் மூன்று என்று வாசிக்கும், கை தன்பாட்டில் நாலுக்குப் போகும்.

"பேப்பர்ல மூணுன்னுதானே இருக்கு?"

"அது எல்லாத்துக்கும் தெரியும் மிஸ்."

"எனக்குத் தெரியாதே." கமலாவின் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா தங்கச்சி?"

கமலா இல்லையென்று தலையை ஆட்டினாள். மூன்று வாரமாக அவள் தினமும் மூன்றாவது சுவிட்சை இறக்கி, அட்டையைத் தொங்கவிட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கழுவியிருக்கிறாள். அவள் இறக்கியது இரண்டாம் ரோலரின் மின்சாரத்தை. அவள் கை இருந்த ரோலருக்கு மின்சாரம் அப்படியே இருந்தது.

"கழுவி முடிஞ்சதும் ரோலர ஓட்ட பச்சைப் பொத்தான யாரு அமுக்குறது?" என்று கேட்டார் மிஸ்.

"நான்தான்."

வெளியே வந்தாச்சா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அழுத்துவேன். பக்கத்தில் கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையர் போடுகிற சத்தத்தில் அது யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று இந்த மூன்று வாரத்தில் நான் நின்று பார்த்ததில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அந்த ரோலரையே பிடித்துக்கொண்டேன்.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரிகையைக் கமலாவிடம் கொடுத்துவிட்டு, "பஸ்ஸு போயிரும்" என்று கிளம்பிவிட்டார். வாசல்வரை ஓடிப் போய், "மிஸ், ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சிருந்தா கை வைப்பேனா?" என்றார்.

நான் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு டீமேக்கரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார். "வெள்ளிக்கிழம பரிசோதனைக்கு ஆள் வருதுப்பா. அதுவரைக்கும் அது செவுத்துல இருக்கட்டும். வாயால சொல்லிக்குடுத்திரு, முடிஞ்சுது."

"ஒட்ட மாட்டேன் சேர்."

"அப்ப ஒன் பிரமோஷன் பேச்ச என்கிட்ட எடுக்காத."

எடுக்கவில்லை. இன்றைக்கும் நான் ரோலர் அறை மேற்பார்வையாளர்தான். சும்மா சொல்லக்கூடாது, வயிறு எரிந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு மேடு ஏறி வரும்போது கமலா என் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. அப்பறம் வேலைக்கு அனுப்பாது." சரி என்றேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எங்கள் லயத்து வீட்டில் அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என் முன்னால் தட்டை வைத்து, "ஒன் தயவுலதான் தம்பி, இந்தப் புள்ள வெயில்லயும் மழையிலயும் மலையேறாம நெழல்ல நிக்குது" என்றாள். பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன்.

அப்போது ஃபோன் அடித்தது. மிஸ். பின்னால் பஸ் இரைச்சல்.

"அண்ணே, அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"கமலா வேணாங்குது மிஸ்."

"கை அவ கை. ஆனா, 'பத்தரமா இருக்கும்'னு அக்காகிட்ட வாக்குக் குடுத்தது நீங்க." டக்.

அக்கா என்ன என்று பார்த்தாள். சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஆமா ஆமா என்று தட்டியதை, பச்சைப் பொத்தானை அழுத்துகிறவன் நான்தான் என்பதை. சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் ரொட்டி கருகியது. அக்கா அதை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து மிஸ் மொனராகலைப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். இரண்டு மூன்று பேரைத் தவிர யாரையும் பாஸ் பண்ணுகிறார் இல்லை என்று வகுப்பு நடத்துகிறவர்களுக்கு அவர் மேல் குறை. போவதற்கு முன் என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நான் புதிதாக எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரியை விரலால் தொட்டு, "இது நல்லாருக்கே, ஏஐ சொல்லுச்சா?" என்று கேட்டார். இல்லை மிஸ், எங்கள் அக்கா என்றேன்.

சுவிட்சை இறக்கியதும் பச்சையை அழுத்திப் பார்க்கச் சொல்கிற அந்த வரி வந்தது, அக்காவிடம் எல்லாம் சொன்ன மறுநாள் விடியக்காலையில். ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில், கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டிய இரட்டுச் சாக்குமாக அக்கா ரோலர் அறைக்குள் வந்து நின்றாள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், பெக்டரிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். "எந்தச் சுவிட்சு?" என்றாள். காட்டினேன். நாலாவதைத் தன் கையாலேயே கீழே இறக்கினாள். பிறகு கமலாவை எட்டிப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் ரோலருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப பச்சைய அமுக்கு."

அமுக்கினேன். ரோலர் அசையவில்லை.

"இன்னொருக்கா அமுக்கு."

அமுக்கினேன்.

"இன்னொருக்கா."

அமுக்கினேன். அக்கா அந்த இரும்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்து, "போ, போய்க் கழுவு" என்றாள்.